விடை பார்த்ததும் உரைப்பகுதியைத் தூக்கிப் போடாதீர்கள்

சீன மேல்நிலைப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர் குழுத் தலைவர்களுக்கும், அந்தப் பள்ளிகளுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் உங்களில் பலர் ஒரே முடிவை எடுக்கிறீர்கள். வாரத்துக்கு ஒருமுறை இருந்த வாசிப்பு வகுப்பை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த 40 நிமிடத்தையும் நேரம் குறித்த இன்னொரு பயிற்சித்தாளுக்குக் கொடுக்கிறீர்கள். மாலைப் படிப்பு நேரத்தில் ஏற்கெனவே ஒரு தாள் உண்டு. வாரத் தேர்வில் ஒன்று, மாதத் தேர்வில் ஒன்று. காவ்காவ் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு நெருங்குகிறது, இனி நேரமில்லை என்கிறீர்கள். நேரமில்லை என்பது உண்மை. இருக்கிற நேரம் எதற்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

காவ்காவின் புதிய தேசியத் தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். வாசிப்புக்கு மட்டும் 50. கேள்வி 21 முதல் 35 வரை ஏ, பி, சி, டி என நான்கு உரைப்பகுதிகள். 36 முதல் 40 வரை, ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தை எடுத்து உரிய இடைவெளியில் பொருத்துவது. ஒவ்வொரு கேள்விக்கும் 2.5 மதிப்பெண். இலக்கண இடைவெளி ஒன்றுக்கு 1.5, கதைக்குள் சொல் நிரப்பும் பகுதியில் ஓர் இடத்துக்கு 1 என்பதோடு ஒப்பிட்டால், தாளிலேயே விலை உயர்ந்த சிறு கேள்வி வாசிப்புக் கேள்விதான். கேட்டல் பகுதிக்கு 20 நிமிடம் போய்விடும். இரண்டு எழுத்துக் கேள்விகளுக்கு 45, நிரப்பும் பகுதிகளுக்கு 20 என்று ஒதுக்கினால் 20 வாசிப்புக் கேள்விகளுக்கும் சேர்த்து 35 நிமிடம் மிஞ்சும். இதற்கு மேல், கதையின் மீதியை எழுதச் சொல்லும் 25 மதிப்பெண் கேள்விக்கும் முதலில் சுமார் 350 சொற்களைப் படித்துப் புரிந்தாக வேண்டும். ஆகவே கடிகாரத்தை வைத்துப் பழக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. கடிகாரம் நின்ற பிறகு நடப்பதில்தான் எங்கள் வழக்கு.

கடிகாரம் நின்றதும் விடைக்குறிப்பு வருகிறது. மாணவர் சரி, தவறு போடுகிறார். எண்ணுகிறார். 20க்கு 12. தாளை மடிக்கிறார். மறுநாள் வேறு தாள், வேறு நான்கு உரைப்பகுதிகள். நேற்றைய உரைப்பகுதியை அவர் இனி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை. வாரத்துக்கு ஐந்து தாள் என்றால் 100 கேள்விகள். அதில் 40 தவறு என்றால், அந்த நாற்பதும் ஏன் தவறாயின என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. இதைப் பயிற்சி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அளந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். அதையே தினமும் செய்கிறோம்.

தவறான விடை எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாங்களே எழுதிய சிறு உரைப்பகுதியின் சாரம் இது: ஒரு நகரத்தில் பேருந்து நிறுத்தக் கூரைகள்மேல் பூச்செடிகள் நட்டார்கள். முதல் கோடையில் பூங்காவை ஒட்டிய நிறுத்தங்களுக்குத் தேனீக்கள் வந்தன. கடைவீதி நிறுத்தங்களுக்கு வரவில்லை. செலவு அதிகம் என்று கடைக்காரர்கள் குறைபட்டார்கள். இரண்டாவது கோடையின் கணக்கைப் பார்த்த பிறகே திட்டத்தை விரிவாக்குவது பற்றி முடிவெடுக்க முடியும் என்கிறார் திட்ட மேலாளர். கேள்வி: விரிவாக்கம் பற்றி மேலாளரின் நிலை என்ன? சரியான விடை, அவசரப்பட விரும்பவில்லை என்பது. மற்ற மூன்று தெரிவுகள்: செலவுக்காக எதிர்க்கிறார், எல்லா நிறுத்தங்களுக்கும் தேனீ வந்ததில் மகிழ்கிறார், அடுத்த கோடைக்குப் பின் விரிவாக்குவார்.

முதல் தவறைத் தேர்ந்தவர் சொற்களை எல்லாம் புரிந்துகொண்டார், யார் சொன்னது என்பதை விட்டுவிட்டார். உங்கள் வகுப்பறைகளில் இதற்கு அருமையான பெயர் உண்டு: ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது. இரண்டாவதைத் தேர்ந்தவர் ஒரு பகுதியை முழுமையாக்கிக்கொண்டார். மூன்றாவதைத் தேர்ந்தவர் ‘பார்த்த பிறகே முடிவெடுக்க முடியும்’ என்பதை ‘பார்த்துவிட்டுச் செய்வார்’ என்று படித்துவிட்டார். மூவருக்கும் 2.5 போனது. மூவருக்கும் வேண்டிய மருந்து வேறு. முதலாமவர் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே ஓரத்தில் அதைச் சொன்னவரின் பெயரைக் குறிக்கப் பழக வேண்டும். இரண்டாமவர் ‘சில’, ‘பெரும்பாலும்’, ‘அங்கே மட்டும்’ போன்ற அளவுச் சொற்களை வட்டமிட வேண்டும். மூன்றாமவருக்கு ஆங்கிலத்தின் மே, மைட், வுட், ஒன்லி ஆஃப்டர் ஆகியவற்றில் தனிப் பயிற்சி வேண்டும். ‘கடைசிப் பத்தியிலிருந்து விடை சி என அறியலாம்’ என்று அச்சிட்ட விடைக்குறிப்பு இந்த மூவரில் ஒருவருக்கும் உதவாது.

உரையில் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் தெரிவு, ‘எல்லாம்’, ‘ஒருபோதும்’ என்று மிகையாகச் சொல்லும் தெரிவு என்று இந்த வகைகளை நீங்களே வகுப்பில் சொல்லித் தருகிறீர்கள். ஆனால் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவர், அடுத்த தாளில் ‘எல்லாம்’ என்ற சொல்லைக் கண்டதுமே அந்தத் தெரிவை அடித்துவிடுகிறார். உரையே ‘எல்லாம்’ என்று சொல்லியிருந்தாலும் அடிக்கிறார். தன் தவறுக்கு ஒட்டிப் பார்க்க வேண்டிய பெயரை, விடை ஊகிக்கும் தந்திரமாகக் கற்றதன் விளைவு அது.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். மாலைத் தாளில் நான்குக்குப் பதில் இரண்டு உரைப்பகுதி, அதிலும் கடினமான சி, டி வகை. 16 நிமிடம், 8 கேள்விகள், நீல மை. நேரம் முடிந்ததும் விடைக்குறிப்பைத் தராதீர்கள். அதே இரண்டையும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அகராதி வேண்டாம். இம்முறை சிவப்பு மை: விடையை மாற்ற விரும்பினால் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியின் எண்ணை எழுத வேண்டும். அதன் பிறகே விடைக்குறிப்பு.

இப்போது ஒருவருக்கு நீலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண் கிடைக்கும். நீலத்தில் 4, சிவப்பில் 7 என்றால் அவருக்கு மொழி இருக்கிறது, வேகம் இல்லை. அவருக்கு நேரம் குறித்த பயிற்சி பயன் தரும். நீலத்தில் 4, சிவப்பிலும் 4 என்றால் கடிகாரத்தை எத்தனை முறை ஓட்டினாலும் அவர் நகரமாட்டார். சொல்லோ வாக்கிய அமைப்போ தடுக்கிறது. சிவப்பில் குறைந்தால் தன் முதல் வாசிப்பை அவர் நம்பவில்லை என்று பொருள்; சரியான விடையை அடித்துவிட்டுத் தவறானதைப் போடும் பிள்ளைகள் இவர்கள்தான். 50 பேர் வகுப்பில் இந்த மூன்று கூட்டமும் இருக்கும். மூன்றுக்கும் ஒரே தாளை ஒரே வேகத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்கு ஆசிரியருக்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி, டி யார் யார் என்று கைதூக்கச் சொன்னால் எட்டுக் கேள்விகளுக்கும் சில நிமிடங்களே ஆகும். விடைத்தாளை ஸ்கேன் செய்யும் மென்பொருள் இருக்கும் பள்ளிகளில் அந்தக் கைதூக்கலும் வேண்டாம். எந்தத் தெரிவை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற அட்டவணை அதிலேயே இருக்கும். வகுப்புச் சராசரி எழுதிய முதல் பக்கத்தோடு அதை மூடிவிடுகிறோம். 50 பேரில் 22 பேர் ஒரே தவறான தெரிவை எடுத்திருந்தால், மறுநாள் பாடம் அதுதான். மற்ற ஏழு கேள்விகளை விளக்க வேண்டியதே இல்லை.

சொல்வளத்துக்கு வருவோம். அகராதியோ பிறர் உதவியோ இல்லாமல் ஓர் உரையை ஓரளவு புரிந்துகொள்ள அதன் சொற்களில் 95 விழுக்காடாவது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பாட்டியா லாஃபர் 1989இல் எழுதினார். நிறைவாகப் புரிய 98 விழுக்காடு வேண்டும் என்பது ஹூ, பால் நேஷன் இருவரும் 2000இல் கண்ட முடிவு. உங்கள் உரைப்பகுதி 300 சொல் என்று வைத்துக்கொண்டால், தெரியாத சொல் 6 இருக்கலாம். 15 என்பது எல்லை. 25, 30 சொற்களுக்கு அடிக்கோடிட்ட தாளைக் கையில் வைத்திருக்கும் மாணவரிடம் ‘ஊகித்துப் படி’ என்று சொல்கிறோம். ஊகிக்கப் பக்கத்துச் சொற்கள் தெரிய வேண்டும். பக்கத்துச் சொல்லும் தெரியாதபோது அவர் செய்வது குருட்டுக் குறி. எனவே ஒவ்வொரு புதிய பயிற்சிநூலையும் வாங்குமுன் வகுப்பின் நடுத்தர மாணவர் பத்துப் பேரிடம் மூன்று உரைப்பகுதிகளைக் கொடுத்து, தெரியாத சொற்களுக்கு அடிக்கோடிடச் சொல்லுங்கள். 15ஐத் தாண்டினால் அந்த நூல் அவர்களுக்கு இப்போது வேண்டாம். பொதுத்தேர்விலேயே பாடத்திட்டச் சொற்பட்டியலுக்கு வெளியே உள்ள கடினச் சொல்லுக்குப் பக்கத்தில் சீனப் பொருள் அச்சிட்டுத் தருகிறார்கள். பயிற்சித்தாள் தேர்வைவிடக் கொடுமையாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

பட்டியல் என்றதும் இன்னொன்று. 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத் தரநிலையின் பின்னிணைப்பில் இருப்பவை சுமார் 3000 சொற்கள். அதில் பாதி கீழ்வகுப்புகளிலேயே வந்துவிட்டவை. காலை வாசிப்பு நேரத்தில் இந்தப் பட்டியலை உரக்கப் படிக்க வைக்கிறீர்கள், ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள். ‘அட்ரஸ்’ என்றால் முகவரி. பிறகு உரையில் ஒரு மருத்துவர் ஒரு சிக்கலை ‘அட்ரஸ்’ செய்கிறார்; மாணவர் முகவரி தேடுகிறார். ‘சப்ஜெக்ட்’ என்றால் பாடம். ஆய்வைப் பற்றிய டி உரைப்பகுதியில் அது சோதனைக்கு உட்பட்ட மனிதர். தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்தான் நல்ல மாணவர்களையும் வீழ்த்துகிறது, ஏனென்றால் அதற்கு அவர்கள் அடிக்கோடிடுவதே இல்லை. காலையில் பட்டியலுக்குப் பதில் போன வாரம் படித்த உரைப்பகுதியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதே சொற்கள் அவற்றின் வாக்கியத்தோடு வாயில் புகும்.

வாக்கிய அமைப்பில் சீன மாணவருக்கு இருக்கும் இடர், தமிழில் சிந்திப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். ‘நேற்று கடைத்தெருவில் நான் பார்த்த மனிதர்’ என்று தமிழில் விவரத்தை முன்னால் அடுக்கிப் பெயரைக் கடைசியில் வைப்பதுபோலத்தான் சீனமும் வைக்கிறது. ஆங்கிலம் மனிதரை முதலில் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடும். சீன மாணவர் நீள வாக்கியத்தின் கடைசிவரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, தன் மொழி வரிசையில் அடுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படிக்கும் இந்தப் பழக்கம்தான் 35 நிமிடத்தைத் தின்கிறது. நீள வாக்கியத்தை முழுமையாக மொழிபெயர்க்கச் சொல்லும் உங்கள் பயிற்சி இதே பழக்கத்தை இறுக்குகிறது. அதற்குப் பதில் உரைப்பகுதிக்கு இரண்டே வாக்கியம் எடுத்து, பொருள் முடியும் இடத்தில் சாய்கோடு போடச் சொல்லுங்கள்; துண்டு துண்டாக, முன்னோக்கி மட்டும், திரும்பாமல் படிக்கச் சொல்லுங்கள். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது என்பதால் ‘வுட் ஹேவ்’ வருமிடத்தில் நடக்காததை நடந்ததாகப் படிப்பதும் மிகுதி. ‘உண்மையில் நடந்ததா, இல்லையா?’ என்று வாய்மொழியாக ஒரு கேள்வி கேட்டாலே அது வெளியே வந்துவிடும்.

கேள்வியை முதலில் படி, முக்கியச் சொல்லை உரையில் தேடு, அந்த வரியைப் பார்த்து விடை போடு என்ற உத்தியை எல்லா உரைப்பகுதிக்கும் ஒரேபோலக் கற்பிப்பதையும் நிறுத்த வேண்டும். ஏ வகைக்கு அது பொருந்தும். அருங்காட்சியக நேரம், பயிற்சிமுகாம் கட்டணம், பதிவு விவரம் போன்றவற்றை நாமும் அப்படித்தான் படிப்போம். டி வகையில் கட்டுரையாசிரியர் ஒரு கருத்தைச் சொல்லி, மறுப்பைக் காட்டி, பாதி விட்டுக்கொடுத்து, பிறகு தன் நிலைக்கு வருவார். தேடிப் போகும் மாணவர் நடுவிலிருக்கும் மறுப்பில் இறங்கி, அதையே கட்டுரையாசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்கிறார். மையக் கருத்து, ஊகம், மனநிலை பற்றிய கேள்விகள் போவது இப்படித்தான். டி வகைக்குக் கேள்வியைப் பார்க்காமல் முதலில் ஒருமுறை முழுதும் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஐந்தாறு சொல்லில் சாரம் எழுதுவதே சரி. அந்தக் குறிப்பைச் சீனத்தில் எழுதினாலும் தவறில்லை.

ஏழில் ஐந்தைத் தேரும் பகுதியில் ஓர் இடம் தவறினால் பெரும்பாலும் இரண்டு போகும், ஐந்து மதிப்பெண். ஒரு வாக்கியத்தைத் தவறான இடத்தில் வைத்ததும் அதன் சரியான இடம் வேறொன்றால் நிரம்பிவிடுகிறது. உறுதியான இடைவெளியை முதலில் நிரப்புவது, ‘திஸ்’, ‘தே’ எதைச் சுட்டுகின்றன என்று அம்புக்குறி போடுவது, மீதமுள்ள இரண்டு வாக்கியங்களும் ஏன் எங்கும் பொருந்தாது என்று சொல்லிப் பார்ப்பது ஆகிய மூன்றும் போதும்.

பதிப்பாசிரியர்களே, இனி உங்களுக்கு. ஒரு கேள்வி நல்லதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. உரைப்பகுதியை மறைத்துவிட்டுக் கேள்வியையும் தெரிவுகளையும் மட்டும் 40 மாணவர்களிடம் கொடுங்கள். நான்கு தெரிவு என்பதால் குருட்டாம்போக்கில் 10 பேர் அளவில் சரியாகப் போடலாம். 25 பேர் சரியாகப் போட்டால் அந்தக் கேள்வி வாசிப்பைச் சோதிக்கவில்லை; பொது அறிவால் விடை சொல்லலாம், அல்லது சரியான தெரிவு மற்றவற்றைவிட நீளமாக, கவனமான சொற்களோடு நின்று தன்னையே காட்டிக்கொடுக்கிறது. இப்படிப்பட்ட கேள்விகளில் பழகியவர், படிக்காமல் விடை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். நீளமான கட்டுரையை 300 சொல்லாக வெட்டும்போது காரணத்தை வெட்டிவிட்டு முடிவை மட்டும் வைப்பதும் நடக்கிறது. பிறகு ‘ஏன்’ என்று கேள்வி கேட்கிறீர்கள். உரையில் இல்லாத காரணத்தை மாணவர் எங்கே தேடுவார்?

எடுத்துவிட்ட வாசிப்பு வகுப்புக்குத் திரும்புவோம். அதே பாடத்திட்டத் தரநிலை, கட்டாயப் பாடக் கட்டத்தில் வாரத்துக்கு 1500 சொல்லுக்குக் குறையாமலும், அடுத்து, காவ்காவ் எழுதுவோர் படிக்கும் தெரிவுக் கட்டாயக் கட்டத்தில் 2500 சொல்லுக்குக் குறையாமலும் வகுப்புக்கு வெளியே படிக்க வேண்டும் என்கிறது. நிமிடத்துக்கு 100 சொல் என்ற மெதுவான வேகத்திலும் 2500 சொல்லுக்கு 25 நிமிடம் போதும். 40 நிமிட வகுப்பு ஒன்றில் அது அடங்கி, பேசவும் நேரம் மிஞ்சும். வாரத்துக்கு 20 உரைப்பகுதி படிக்கிறார்களே, 6000 சொல் ஆகிறதே என்று கணக்குக் காட்டாதீர்கள். ஒவ்வொரு 300 சொல்லுக்கும் பேசுபொருள் மாறுகிறது. தேனீயில் பழகிய சொல் பனிப்பாறையில் வராது. 20 பக்கம் ஓடும் ஒரே கதையில், ஒரே துறையைப் பற்றிய நீள் கட்டுரையில், அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். கதையின் மீதியை எழுதும் கேள்விக்கும் அந்த வாசிப்புத்தான் கைகொடுக்கும், ஏனென்றால் கதை எப்படி நகர்கிறது என்பதை நான்கு தெரிவுகளிலிருந்து யாரும் கற்க முடியாது.

ஆகவே கேட்கிறோம். ஆசிரியர் குழுத் தலைவர்களே, வாசிப்பு வகுப்பை வரும் வாரமே அட்டவணையில் திரும்ப வையுங்கள். மாதிரித் தேர்வு வாரங்களிலும் அதை எடுக்காதீர்கள். மாலைத் தாளை இரண்டு உரைப்பகுதியாகக் குறைத்து, நீலமும் சிவப்புமாக இரண்டு வாசிப்பை நடைமுறையாக்குங்கள். முழுத் தாளை நேரம் குறித்து எழுதுவது வாரத்துக்கு ஒன்று போதும். கூட்டங்களில் வகுப்புச் சராசரியை ஒப்பிடுவதற்கு முன், அந்த வாரம் அதிகம் பேர் எடுத்த தவறான தெரிவுகளை மேசையில் வைத்துப் பேசுங்கள். பயிற்சிநூல் வாங்கும் முடிவை, பத்து மாணவர் அடிக்கோடிட்ட தாளைப் பார்த்த பிறகு எடுங்கள்.

பதிப்பாசிரியர்களே, விடைக்குறிப்பில் சரியான விடைக்கு ஆதார வரியின் எண்ணையும், தவறான மூன்றுக்கும் தனித்தனியே ஒரு வரிக் காரணத்தையும் அச்சிடுங்கள். ஒவ்வொரு உரைப்பகுதியின் கீழும் மொத்தச் சொல் எண்ணிக்கை, பட்டியலுக்கு வெளியே உள்ள சொல் எண்ணிக்கை, மூலம் வெளியான ஆண்டு ஆகிய மூன்றையும் போடுங்கள். உரையை மறைத்துச் சோதிக்காத கேள்வியை நூலில் சேர்க்காதீர்கள். இதற்காக 100 தாள் கொண்ட நூல் 40 தாளாகச் சுருங்கினால், அந்த 40ஐ வாங்குமாறு பள்ளிகளிடம் நாங்களே சொல்வோம்.

இப்படிக்கு,
ஆங்கில வாசிப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்